கமிட்டையும் டிக்கெட்டையும் முடிச்சுப் போடுவது எப்படி

மருந்துக் கடைகளுக்கான பில்லிங் மென்பொருளில் வேலை பார்க்கிறேன். கோவையில் சின்ன டீம், மொத்தம் ஏழு பேர். சில வருடங்களுக்கு முன் விலைக் கணக்குப் போடும் ஃபங்ஷனை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தேன். உதிரி மாத்திரை விற்கும்போது அட்டை விலையை மாத்திரை எண்ணிக்கையால் வகுத்து, இரண்டு தசம இடத்துக்கு மேல் வருவதை அப்படியே வெட்டிவிடும் வரி ஒன்று அதில் இருந்தது. மற்ற எல்லா இடத்திலும் முறையாக ரவுண்டு செய்திருந்தார்கள், இங்கே மட்டும் வெட்டு. பார்த்தால் தவறு போலத்தான் தெரிந்தது. தொடுவதற்கு முன் கிட் பிளேம் போட்டுப் பார்த்தேன், ஒரு வரியைக் கடைசியாக மாற்றிய கமிட் எது என்று அது காட்டும். கமிட் என்றால் புரோகிராமில் செய்த ஒரு மாற்றத்தைக் கிட்டில் பதிவது, காரணம் சொல்ல அதில் ஒரு மெசேஜ் இருக்கும். வந்த கமிட் மெசேஜ் ‘ரவுண்டிங் மாற்றம்’. அவ்வளவுதான். எழுதியவர் வேலையை விட்டுப் போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது. சரி என்று மாற்றிவிட்டேன்.

பத்து நாள் கழித்துப் பொள்ளாச்சியிலிருந்து ஒரு கடைக்காரர் போன் செய்தார். “ஏனுங்க, அட்டையில முப்பத்தி நாலு ரூபாய்னு போட்டிருக்குதுங்க, பில்லுல அஞ்சு பைசா சேர்ந்து வருதுங்க. வாங்க வந்தவரு சண்டைக்கு நிக்கிறாருங்க.”

15 மாத்திரை கொண்ட அட்டை, எம்ஆர்பி 34 ரூபாய். வகுத்தால் ஒரு மாத்திரை 2.2666. ரவுண்டு செய்தால் 2.27. அதைப் பதினைந்தால் பெருக்கினால் 34.05. கடைப் பையன் முழு அட்டையை 15 உதிரி என்று அடித்திருக்கிறான். எம்ஆர்பிக்கு மேல் வாங்கக் கூடாது என்பது சட்டம், ஐந்து பைசா என்றாலும் அதுதான் விதி. பழைய வரி 2.26 என்று வெட்டியதால் 33.90 வந்துகொண்டிருந்தது. கடைக்காரருக்குப் பத்து பைசா குறையும், ஆனால் எம்ஆர்பியை ஒருநாளும் தாண்டாது.

புகார்களையும் வேலைகளையும் டிக்கெட்டுகளாகப் பதிந்துவைக்கும் எங்கள் டிராக்கர் ரெட்மைன். அன்று சாயங்காலம் அதில் ‘எம்ஆர்பி’ என்று தேடினேன். 1187ஆம் டிக்கெட் வந்து நின்றது. இதே புகார், இதே கணக்கு, பில்லின் போட்டோ, ஏன் ரவுண்டு செய்யாமல் வெட்ட வேண்டும் என்று அரைப் பக்க விளக்கம். கடைசிக் குறிப்பு ‘சரி செய்தாயிற்று’. எந்தக் கமிட்டில் என்று டிக்கெட்டில் இல்லை. எந்த டிக்கெட்டுக்காக என்று கமிட்டில் இல்லை. எனக்குத் தெரிய வேண்டியதெல்லாம் எங்களிடமே இருந்தது, நடுவில் நான்கு இலக்க எண் ஒன்று மட்டும் விடுபட்டிருந்தது.

அதற்கப்புறம் நாங்கள் செய்துகொண்ட ஏற்பாடுகளைத்தான் இங்கே எழுதுகிறேன். முதலில் ரெட்மைனில் செய்தோம், பிறகு கிட்லேபுக்கு மாறினோம். கிட்ஹப், ஜிரா வைத்திருப்பவர்களுக்கும் அடிப்படை ஒன்றுதான்.

உங்கள் டிராக்கர் எதைப் படிக்கும்?

முதல் வேலை இது. கமிட் மெசேஜில் உள்ள எண்ணை டிராக்கர் தானாகப் புரிந்துகொள்ளும்தான், ஆனால் அதற்குத் தெரிந்த வடிவத்தில் எழுதினால் மட்டுமே.

கிட்ஹபில் #1187 என்று எங்கே எழுதினாலும் இணைப்பாகிவிடும், அந்த டிக்கெட்டின் பக்கத்திலும் இந்தக் கமிட் தெரியும். எண்ணுக்கு முன் ஃபிக்ஸ் (fix), க்ளோஸ் (close), ரிசால்வ் (resolve) ஆகிய மூன்று வினைகளில் ஒன்றை எந்தக் காலத்தில் போட்டாலும் (மொத்தம் ஒன்பது சொற்கள் வரும்) டிக்கெட் தானாக மூடப்படும். இங்கே தமிழில் எழுதினாலும் இந்தச் சொற்களை ஆங்கில எழுத்தில்தான் போட வேண்டும். டீஃபால்ட் பிராஞ்சில், அதாவது முதன்மைக் கிளையில், சேர்ந்தால்தான் மூடும். ரிலீஸ் பிராஞ்சுக்குள் மெர்ஜ் செய்துவிட்டு ‘ஏன் மூடவில்லை’ என்று காத்திருக்க வேண்டாம். இரண்டு டிக்கெட்டை மூட வேண்டுமானால் இரண்டு எண்ணுக்கு முன்னும் வினைச்சொல் வேண்டும். ‘ஃபிக்சஸ் #10, #11’ என்று எழுதினால் 10 மட்டும் மூடும், 11 திறந்தே கிடக்கும். கிட்லேபில் அதே வரி இரண்டையும் மூடும். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறுபவர்கள் இந்த இடத்தில் நிச்சயம் ஒருமுறை இடறுவார்கள்.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. கிட்ஹபில் இஷ்யூவுக்கும் (டிக்கெட்டுக்கு அங்கே அதுதான் பெயர்) புல் ரிக்வெஸ்ட்டுக்கும் (மாற்றத்தைச் சேர்த்துக்கொள்ளக் கேட்கும் கோரிக்கை) ஒரே எண் வரிசை, இரண்டுக்குமே ஹாஷ் (#) குறிதான். கிட்லேபில் இஷ்யூவுக்கு ஹாஷ், மெர்ஜ் ரிக்வெஸ்ட்டுக்கு ஆச்சரியக்குறி, எண் வரிசையும் தனித்தனி.

ஜிராவில் ப்ராஜெக்ட் எழுத்துகளும் எண்ணும் சேர்ந்த சாவி வேண்டும். பெரிய எழுத்தில், நடுவில் சின்னக் கோடு போட்டு எழுத வேண்டும். சின்ன எழுத்தில் எழுதினால் நம்ப முடியாது. சாவிக்குப் பின்னால் ஹாஷ் போட்டு ‘கமெண்ட்’, ‘டைம்’ என்று எழுதி, டிக்கெட்டில் குறிப்புச் சேர்க்கலாம், செலவான நேரத்தைப் பதியலாம், நிலையை மாற்றலாம். ஸ்மார்ட் கமிட் என்று அதற்குப் பெயர். கமிட்டில் உள்ள மின்னஞ்சல் முகவரியும் ஜிராவில் உள்ள முகவரியும் ஒன்றாக இருந்தால்தான் அது நடக்கும். வீட்டு லேப்டாப்பில் சொந்த முகவரியோடு கமிட் செய்பவர்களுக்கு இது வேலை செய்யாமல் போவதற்குப் பெரும்பாலும் அதுதான் காரணம்.

ரெட்மைனில் நீங்களே போய் அமைக்க வேண்டியது கொஞ்சம் அதிகம். நிர்வாகப் பகுதியின் அமைப்புகளுக்குள் ரெப்பாசிட்டரி என்று ஒரு பக்கம் இருக்கிறது. ‘ரெஃப்ஸ்’ (refs) என்ற சொல் அங்கே ஏற்கெனவே இருக்கும், அது இணைக்க மட்டும் செய்யும். ‘ஃபிக்சஸ்’ போன்ற மூடும் சொற்களையும், அந்தச் சொல் வந்தால் டிக்கெட் எந்த நிலைக்குப் போக வேண்டும் என்பதையும் நாம்தான் சேர்க்க வேண்டும். கிட் ரெப்போ (புரோகிராமும் அதன் மாற்ற வரலாறும் இருக்கும் இடம்) ரெட்மைன் ஓடும் அதே மெஷினில் ஒரு நகலாக இருக்க வேண்டும், அந்த நகலை அவ்வப்போது புதுப்பிக்க ஒரு கிரான் வேலை (குறித்த நேரத்தில் தானாக ஓடுவது) வேண்டும். எங்களுக்கு அந்தக் கிரான் ஒருமுறை நின்றுபோய் மூன்று நாள் யாருக்கும் தெரியவில்லை. எல்லோரும் எண் போட்டுத்தான் எழுதியிருந்தார்கள், டிக்கெட்டில் ஒன்றும் வரவில்லை. ‘இது வேலையே செய்யாது’ என்று இரண்டு பேர் எண் போடுவதை நிறுத்திவிட்டார்கள். மறுபடி பழக்கத்துக்குக் கொண்டுவர ஒரு மாதம் ஆனது. அதனால் அமைத்தவுடன் ஒரு சோதனை டிக்கெட் போட்டு, ஒரு கமிட் அனுப்பி, இரண்டு பக்கமும் தெரிகிறதா என்று டீமின் கண் முன்னால் காட்டிவிடுங்கள்.

மெசேஜை எழுதும் விதம்

எண் மட்டும் போட்டால் போதும் என்பவர்களோடு நான் உடன்படுவதில்லை. டிராக்கர் ஒருநாள் மாறும், சர்வர் போகும், வேறு ஊரில் இணையமில்லாமல் உட்கார்ந்திருப்போம். கமிட் எப்போதும் கோட் இருக்கும் இடத்துக்குக் கூடவே வரும். அதனால் காரணத்தைக் கமிட்டிலும் இரண்டு வரி எழுத வேண்டும். மொத்தக் கதைக்கு டிக்கெட். எங்கள் வடிவம் இது:

    உதிரி விலையை ரவுண்டு செய்யாமல் வெட்டு

    ரவுண்டு செய்தால் உதிரிகளின் கூட்டுத்தொகை
    அட்டை எம்ஆர்பியைத் தாண்டுகிறது
    (34 ரூபாய், 15 மாத்திரை: 34.05 வருகிறது).

    refs #1187

முதல் வரி என்ன செய்தோம். நடுவில் ஏன். கடைசியில், தனி வரியில், எண். எண்ணைக் கடைசியில் வைக்க ஒரு காரணம் உண்டு. எங்கள் டீமுக்குப் புதிதாக வந்த தம்பி ஒருவர் முதல் வரியையே ‘#1203 ஸ்டாக் கணக்குத் திருத்தம்’ என்று ஆரம்பிப்பார். எடிட்டர் திறந்து எழுதிச் சேமித்தால் அந்த வரியே காணாமல் போய்விடும். ‘அண்ணா, நான் எழுதினேன், சத்தியமா எழுதினேன்’ என்றார். அவர் எழுதியது உண்மைதான். எடிட்டரில் எழுதும் மெசேஜில், ஹாஷில் தொடங்கும் வரியைக் கிட் குறிப்பு என்று எடுத்துக்கொண்டு நீக்கிவிடும். கட்டளையிலேயே ‘-எம்’ போட்டு எழுதினால் வரி தங்கும். ஆனால் பிறகு யாராவது எடிட்டர் திறந்து அமெண்ட் செய்தால் (கடைசிக் கமிட்டைத் திருத்தினால்) அப்போது போய்விடும். ‘கோர்.கமெண்ட்சார்’ என்ற அமைப்பில் ஹாஷுக்குப் பதில் அரைப்புள்ளி போன்ற வேறு குறியை வைக்கலாம். எனக்குப் பிடித்த வழி, எண்ணுக்கு முன் எப்போதும் ஒரு சொல் இருப்பதுதான்.

பெரிய திட்டங்களைப் பாருங்கள், ஒவ்வொன்றும் ஒரு வடிவத்தைப் பிடித்துக்கொண்டு பல வருடங்களாக அதை விடாமல் இருக்கிறது. மொசில்லாவில் கமிட்டின் முதல் வரியே ‘பக்’ என்ற சொல்லும் எண்ணுமாகத் தொடங்கும். டெபியனில் பேக்கேஜின் சேஞ்ச்லாகில் ‘க்ளோசஸ்’ என்று எழுதி எண்ணைப் போட்டால், பேக்கேஜ் ஏறியதும் அந்தப் பக் மூடப்படும். லினக்ஸ் கெர்னலில் ‘ஃபிக்சஸ்’ என்ற சொல்லுக்குப் பின்னால் வருவது டிக்கெட் எண் இல்லை, பக்கைக் கொண்டுவந்த பழைய கமிட்டின் ஹாஷில் (இது # குறி இல்லை, கமிட்டை அடையாளம் காட்டும் நீண்ட குறியீடு) முதல் 12 எழுத்துகள், கூடவே அதன் தலைப்பு. புகார் வந்த மடலுக்கு அங்கே ‘க்ளோசஸ்’ என்று தனி வரியில் முகவரி தருவார்கள். பக்கைத் திருத்தும்போது அதைக் கொண்டுவந்த கமிட்டையும் குறிப்பது அருமையான பழக்கம். பழைய ரிலீஸ்களில் எவற்றுக்கெல்லாம் இந்தத் திருத்தம் போக வேண்டும் என்பது அதிலிருந்தே தெரிந்துவிடும். நாங்களும் அதை எடுத்துக்கொண்டோம்.

இங்கே ஒரு எச்சரிக்கை. கடைக்காரர் பெயர், போன் எண், நோயாளி பெயர் எதுவும் கமிட்டுக்குள் வரக் கூடாது. டிக்கெட்டில் இருந்தால் பிறகு அழிக்கலாம், பார்க்கும் ஆட்களைக் கட்டுப்படுத்தலாம். கமிட் எல்லோருடைய மெஷினுக்கும் போய்விடும்.

ஞாபகத்தை நம்பாமல் இருக்க

வெள்ளிக்கிழமை ராத்திரி அவசரத் திருத்தம் போடுகிறவருக்கு எண் ஞாபகம் வராது. அவரைக் குறை சொல்லிப் பயனில்லை, மெஷினே போட்டுக்கொடுக்க வேண்டும்.

பிராஞ்சின் பெயரில் எண்ணை வையுங்கள். ‘1187-உதிரி-விலை’ என்பது போல. பிறகு கிட்டின் ‘பிரிபேர்-கமிட்-மெசேஜ்’ (prepare-commit-msg) ஹூக்கில் ஒரு சின்ன ஷெல் ஸ்கிரிப்ட். ஹூக் என்றால் கிட் ஒரு வேலையைச் செய்யும்போது தானாக ஓட்டும் ஸ்கிரிப்ட். பிராஞ்சின் பெயரை எடுத்து, முன்னால் உள்ள இலக்கங்களைப் பிரித்து, மெசேஜின் கடைசியில் ‘ரெஃப்ஸ்’ வரியாகச் சேர்க்கும். பத்துப் பதினைந்து வரிதான். இரண்டு விஷயங்களை மறக்காதீர்கள். எண் ஏற்கெனவே மெசேஜில் இருந்தால் மறுபடி சேர்க்கக் கூடாது, இல்லாவிட்டால் ஒவ்வொரு அமெண்டுக்கும் ஒரு வரி கூடிக்கொண்டே போகும். ரீபேஸ் (கமிட்டுகளை வேறொரு கமிட்டின் மேல் மறுபடி அடுக்குவது) நடக்கும்போது பிராஞ்சின் பெயர் காலியாக வரும், அப்போது ஸ்கிரிப்ட் சத்தமில்லாமல் விலகிக்கொள்ள வேண்டும்.

அடுத்தது ‘கமிட்-மெசேஜ்’ (commit-msg) ஹூக். மெசேஜ் உள்ள ஃபைலின் பெயர் இதற்கு வரும். உள்ளே எண் இருக்கிறதா என்று தேடி, இல்லையென்றால் பூஜ்யம் அல்லாத எண்ணோடு வெளியேறினால் கமிட் நின்றுவிடும். நிறுத்தும்போது திரையில் ஏன் நின்றது, எப்படி எழுத வேண்டும் என்று ஒரு மாதிரி வரியோடு காட்டுங்கள். வெறும் ‘பிழை’ என்று காட்டினால் ஆட்கள் எரிச்சலாகி ‘நோ-வெரிஃபை’ போட்டுத் தாண்டிப் போய்விடுவார்கள். மெர்ஜ் கமிட்டுகளை விட்டுவிடுங்கள். எழுத்துப்பிழைத் திருத்தம் மாதிரி டிக்கெட்டே தேவையில்லாத வேலைக்கு ‘டிக்கெட் இல்லை’ என்று எழுத அனுமதி கொடுங்கள். இந்தக் கதவைத் திறந்து வைக்காவிட்டால் எல்லோரும் ஏதோ ஒரு பழைய டிக்கெட் எண்ணைப் போட ஆரம்பிப்பார்கள். தவறான எண், எண் இல்லாததை விட மோசம். தேடிப் போகிறவரை அது வேறு தெருவில் கொண்டுபோய் விடும்.

ரெப்போவைக் குளோன் செய்யும்போது (நகலெடுக்கும்போது) ஹூக்குகள் கூட வராது. அவற்றை ரெப்போவுக்குள் ஒரு ஃபோல்டரில் வைத்து, ‘கோர்.ஹூக்ஸ்பாத்’ அமைப்பில் அந்த ஃபோல்டரைக் காட்டுங்கள். கிட் 2.9 முதல் இது இருக்கிறது. புதிதாகச் சேர்பவர் முதல் நாள் செய்ய வேண்டிய வேலைகளில் அந்த ஒரு கட்டளையையும் சேர்த்துவிடுங்கள். ஃபைலுக்கு ரன் செய்யும் அனுமதி இருக்கிறதா என்றும் பாருங்கள், இல்லையென்றால் கிட் அதைக் கண்டுகொள்ளாது. கட்டாயமாகவே வேண்டும் என்றால் சர்வரில் ‘பிரீ-ரிசீவ்’ ஹூக்கில் சோதிக்கலாம். அதை யாரும் தாண்ட முடியாது. எங்கள் ஏழு பேருக்கு அது தேவைப்படவில்லை.

கிட்டுக்குப் பதில் இன்னும் சப்வெர்ஷனில் இருப்பவர்களுக்கு, அதற்கான டார்ட்டாய்ஸ் மென்பொருள் இருந்தால் போதும். ‘பக்ட்ராக்’ என்று தொடங்கும் ப்ராப்பர்ட்டிகளை மேல் ஃபோல்டரில் வைத்தால் கமிட் செய்யும் ஜன்னலிலேயே டிக்கெட் எண்ணுக்குத் தனிப் பெட்டி வரும், எண் போடாவிட்டால் எச்சரிக்கவும் செய்யும்.

மூடுவது யார்?

எங்கள் டெஸ்டர் ஒருநாள் வந்து நின்றார். “அண்ணா, நான் இன்னும் பாக்கவே இல்ல, எப்படி இது க்ளோஸ் ஆச்சு?” கமிட்டில் ‘ஃபிக்சஸ்’ என்று இருந்தது, மெயின் பிராஞ்சில் சேர்ந்தது, மூடிக்கொண்டது. கோட் எழுதியவருக்கு வேலை முடிந்தது. பொள்ளாச்சிக் கடைக்காரருக்கு இன்னும் அப்டேட் கூடப் போகவில்லை.

அதிலிருந்து நாங்கள் எப்போதும் ‘ரெஃப்ஸ்’ மட்டும்தான். இணைப்பு வரும், நிலை மாறாது. டெஸ்டர் பார்த்துவிட்டு அவர் கையால் மூடுவார். ரெட்மைனில் இருந்தபோது மூடும் சொல்லை ‘டெஸ்டுக்குத் தயார்’ என்ற நிலைக்கு மாற்றி வைத்திருந்தோம், அதுவும் நன்றாக வேலை செய்தது. தனி ஆளாக ஒரு திறந்த மூலத் திட்டம் நடத்துகிறீர்கள், டெஸ்டரும் நீங்களே என்றால் தாராளமாக ‘ஃபிக்சஸ்’ போடுங்கள்.

எண் தொலைந்துபோகும் இடங்கள்

ஸ்குவாஷ் மெர்ஜ் முதல் இடம். பிராஞ்சில் ஒவ்வொரு கமிட்டிலும் எண் இருந்தாலும், ஒன்றாக அமுக்கும்போது கடைசி மெசேஜில் என்ன எழுதுகிறோமோ அதுதான் மிஞ்சும். கிட்ஹபில் தலைப்பின் முடிவில் அடைப்புக்குள் தானாக வரும் எண் புல் ரிக்வெஸ்ட்டின் எண், டிக்கெட்டின் எண் இல்லை. அதனால் புல் ரிக்வெஸ்ட்டின் விளக்கத்தில் டிக்கெட் எண்ணை எழுதி, ஸ்குவாஷ் மெசேஜில் அந்த விளக்கம் வருமாறு ரெப்போ அமைப்பில் தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு திருத்தத்தைப் பழைய ரிலீஸுக்குச் செர்ரி-பிக் செய்யும்போது ‘-எக்ஸ்’ சேர்த்தால் எந்தக் கமிட்டிலிருந்து வந்தது என்று மெசேஜில் பதிவாகும்.

டிராக்கர் மாறுவதுதான் பெரிய ஆபத்து. கிட்லேபுக்கு வந்தபோது எண்கள் மறுபடி 1 என்று தொடங்கின. பழைய கமிட்டில் உள்ள #40ஐச் சொடுக்கினால் சம்பந்தமே இல்லாத புது டிக்கெட் திறந்தது. பைத்தான் மொழியை உருவாக்கும் சிபைத்தான் திட்டம் இதை நன்றாகக் கையாண்டது. அவர்களுடைய பழைய டிராக்கரின் எண்கள் கமிட்டுகளில் ‘பிபிஓ’ என்ற முன்னொட்டோடு இருந்தன. 2022 ஏப்ரலில் கிட்ஹப் இஷ்யூக்களுக்கு மாறியபின் ‘ஜிஹெச்’ என்ற முன்னொட்டு வந்தது. எந்த எண் எந்தக் காலத்தது என்று பார்த்தவுடன் தெரியும். வெறும் ஹாஷும் எண்ணும் எழுதும் டீம் மாறப் போகிறது என்றால், மாறும் நாளிலிருந்தாவது புது முன்னொட்டு வையுங்கள். பழைய டிராக்கரை அழிக்காதீர்கள், படிக்க மட்டும் முடியுமாறு நிறுத்திவையுங்கள். எங்கள் ரெட்மைன் இன்னும் ஒரு பழைய மெஷினில் அப்படித்தான் இருக்கிறது.

தேடும்போது கிட் லாகில் ‘கிரெப்’ ஆப்ஷன் போதும். ஆனால் #118 என்று தேடினால் #1180 முதல் #1189 வரை எல்லாம் சேர்ந்து வரும். எண்ணுக்குப் பின்னால் இலக்கம் வரக் கூடாது என்று பேட்டர்னில் சொல்லுங்கள்.

ஏற்கெனவே எண் இல்லாமல் கிடக்கும் பழைய கமிட்டுகளுக்கு என்ன செய்வது? வரலாற்றைத் திருத்தி எழுத வேண்டாம், எல்லா ஹாஷும் மாறி எல்லோருடைய நகலும் உடையும். கிட் நோட்ஸ் என்ற வசதி உண்டு, ஹாஷை மாற்றாமல் கமிட்டோடு குறிப்பை ஒட்டலாம். ஆனால் அது புஷ் செய்யும்போது தானாகப் போகாது, டீமில் பாதிப் பேருக்குத் தெரியாமலே இருக்கும். நாங்கள் செய்தது எளிது. ஏதாவது ஒரு பழைய வரியின் காரணத்தைத் தேடிக் கண்டுபிடித்தவர், அந்த டிக்கெட்டில் கமிட்டின் ஹாஷை ஒரு குறிப்பாகப் போட்டுவிட்டுத்தான் எழுந்து போக வேண்டும். வரி பார்க்கத் தவறு போலத் தெரிகிறது என்றால் கோட் ஃபைலிலும் அந்த வரிக்கு மேலே ஒரு கமெண்ட்.

மாத்திரை விலையை வெட்டும் வரி திரும்பி வந்துவிட்டது. அதன் மேல் இப்போது இப்படி இருக்கிறது: ‘ரவுண்டு செய்யாதே, எம்ஆர்பியைத் தாண்டும். ரெட்மைன் 1187.’